மூக்கின் நடுத்தூண் தொங்கினால்: திருத்த அறுவை சிகிச்சைக்குச் செல்வோருக்கான வழிகாட்டி

புல்லாக்கு தொங்கும் இடம் எது என்று கேட்டால் நம்மில் எவரும் தயங்காமல் காட்டிவிடுவோம். இரண்டு மூக்குத் துளைகளுக்கும் நடுவே, மூக்கு நுனியிலிருந்து மேலுதட்டை நோக்கி இறங்கும் அந்தச் சிறிய பட்டையை மருத்துவர்கள் கொலுமெல்லா என்கிறார்கள். லத்தீனில் அதற்குச் சிறு தூண் என்று பொருள். இங்கே அதை நடுத்தூண் என்றே குறிப்பிடுகிறேன். பக்கவாட்டில் பார்க்கும்போது இந்த நடுத்தூண், மூக்குத் துளையின் வெளிப்பக்கச் சுவரான மூக்கு மடலின் விளிம்பைவிட அளவுக்கு மீறிக் கீழே இறங்கித் தெரிந்தால், அதைத் தொங்கும் கொலுமெல்லா என்று குறிப்பேட்டில் எழுதுவார்கள். இது நோய் இல்லை. பெரும்பாலும் மூச்சுவிடுவதற்கும் தடையாக இருப்பதில்லை. ஆனாலும் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அந்த ஓரிடத்திலேயே கண் போய் நிற்பவர்களுக்கு அது சிறிய விஷயமாக இருப்பதில்லை என்பதை நான் அறிவேன்.

என் தங்கைக்கு இதற்காக இரண்டு முறை அறுவை சிகிச்சை நடந்தது. இரண்டாவது ஏன் தேவைப்பட்டது என்றால், முதல் முறை கத்தி வைத்த இடமே தவறு. நடுத்தூண் இறங்கியிருப்பதாக நினைத்து அங்கே வெட்டிவிட்டார்கள். உண்மையில் அவளுக்கு மடல்தான் மேலே ஏறியிருந்தது. இரண்டு முறையும் ஆஸ்பத்திரியில் உடன் இருந்தவள் என்ற முறையில், முதல் முறையாக இந்தச் சிகிச்சையைப் பற்றி யோசிப்பவர்கள் எந்த வரிசையில் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை எழுதுகிறேன். எவ்வளவு வெட்டுவது என்ற கேள்வி கடைசியில் வர வேண்டியது. எது இறங்கியிருக்கிறது, எது ஏறியிருக்கிறது என்பதை அளந்து பார்ப்பதுதான் முதல் வேலை.

முதல் படி: செல்ஃபியை நம்பாமல் சரியான படம் எடுப்பது

கையை நீட்டி எடுக்கும் செல்ஃபியில் மூக்கு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். ஏறக்குறைய ஓரடி தூரத்திலிருந்து எடுத்த படத்தில், ஐந்தடி தூரத்திலிருந்து எடுத்ததைவிட மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் கூடித் தெரிகிறது என்று 2018-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் கணக்கிட்டுக் காட்டினார்கள். எனவே வேறொருவரைக் கொண்டு, ஐந்தடி தள்ளி நின்று, சற்றே ஜூம் செய்து, கேமரா உங்கள் மூக்கின் உயரத்திலேயே இருக்கும்படி எடுக்கச் சொல்லுங்கள். ஜன்னல் வெளிச்சம் போதும். தலை நிமிரவோ குனியவோ கூடாது. காதுத் துளையையும் கீழ் இமைக்கு அடியில் உள்ள எலும்பு விளிம்பையும் இணைக்கும் கற்பனைக் கோடு தரைக்குச் சமமாக இருந்தால் தலை சரியான நிலையில் இருக்கிறது என்று கொள்ளலாம். தலையைக் கொஞ்சம் அண்ணாந்தாலே நடுத்தூண் கூடுதலாகத் தெரியும் என்பதால் இதில் கவனம் வேண்டும்.

இடப்பக்கம், வலப்பக்கம், நேர்முகம், கீழிருந்து மூக்குத் துளைகள் தெரியும்படி ஒன்று, இவற்றோடு பக்கவாட்டில் சிரித்தபடி ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். சிரிக்கும்போது மூக்கு நுனியைக் கீழே இழுக்கும் சிறிய தசை ஒன்று நடுத்தூணின் அடியில் இருக்கிறது. சும்மா இருக்கையில் சரியாகவும் சிரிக்கையில் மட்டும் தொங்கியும் தெரிந்தால், அந்தத் தசைக்கும் இதில் பங்குண்டு. அதற்கான வைத்தியம் வேறு.

இரண்டாம் படி: கோடு போட்டு அளப்பது

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி, ஆகவே நிதானமாகச் சொல்கிறேன். பக்கவாட்டுப் படத்தை ஏ4 தாளில் பெரிதாக அச்சிட்டுக்கொள்ளுங்கள். மூக்குத் துளை ஒரு நீள்வட்டமாகத் தெரியும். அதன் முன்கோடியையும் பின்கோடியையும் இணைத்து ஸ்கேல் வைத்து ஒரு நேர்கோடு போடுங்கள். இப்போது அந்தக் கோட்டுக்கு மேலே மடலின் விளிம்பு வரை உள்ள தூரம் ஒன்று; கோட்டுக்குக் கீழே நடுத்தூணின் விளிம்பு வரை உள்ள தூரம் மற்றொன்று. இயல்பான மூக்கில் இரண்டும் ஏறத்தாழ 1 முதல் 2 மி.மீ. வரை இருக்கும், இரண்டையும் கூட்டினால், பக்கவாட்டில் தெரியும் நடுத்தூணின் மொத்த அளவு 2 முதல் 4 மி.மீ. ஆகும். படம் பெரிதாக்கப்பட்டது என்பதால் மி.மீ. கணக்கு தாளில் நேராக வராது. ஆனால் மேல் தூரத்துக்கும் கீழ் தூரத்துக்கும் உள்ள விகிதம் எந்த அளவில் அச்சிட்டாலும் மாறாது, ஒன்று மட்டும் கூடியிருக்கிறதா என்று வீட்டில் பார்ப்பதற்கு அது போதும்.

அமெரிக்காவின் டாலஸ் நகரில் பணிபுரிந்த ஜாக் குண்டர் என்ற பிளாஸ்டிக் சர்ஜனும் அவருடைய சகாக்களும் 1996-இல் இந்த ஒரு கோட்டை வைத்தே மடலுக்கும் நடுத்தூணுக்கும் இடையிலான கோளாறுகளை ஆறு வகைகளாகப் பிரித்தார்கள். உலகம் முழுவதும் மூக்கு அறுவை சிகிச்சை செய்பவர்கள் இன்றும் அதைப் பயன்படுத்துகிறார்கள். புதிதாக வருபவர்களுக்கு முதல் மூன்று வகை தெரிந்தால் போதும். கோட்டுக்குக் கீழே உள்ள தூரம் மட்டும் கூடியிருந்தால் நடுத்தூண் உண்மையாகவே தொங்குகிறது. மேலே உள்ள தூரம் மட்டும் கூடியிருந்தால் நடுத்தூண் தன் இடத்தில்தான் இருக்கிறது, மடல் மேலே ஏறியிருக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டு தூரமும் கூடியிருந்தால் இரண்டு கோளாறும் சேர்ந்தே இருக்கின்றன.

என் தங்கையின் முதல் அறுவை சிகிச்சைக்கு முன் யாரும் இந்தக் கோட்டைப் போடவில்லை. நாங்களும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்பதே எங்களுக்குத் தெரியாது. ஓராண்டு கழித்து வேறொரு மருத்துவரிடம் போனபோது, அவர் காது குடையும் பஞ்சுக்குச்சி ஒன்றை எடுத்து, பஞ்சில்லாத நடுப்பகுதியை மடலின் உள்விளிம்பில் கொடுத்து, மெல்ல, ஒன்றரை மி.மீ. இருக்கும், கீழே இழுத்துப் பிடித்தார். அவள் கையில் ஒரு கண்ணாடியும் எதிரே ஒரு கண்ணாடியும் இருந்தன. அந்தப் பக்கம் மட்டும் மூக்குத் துளையின் திறப்பு சிறுத்து, நடுத்தூண் உள்ளே போனதுபோல் தெரிந்தது. குச்சியை விட்டதும் பழையபடி ஆகிவிட்டது. அவர் நடுத்தூணைத் தொடவே இல்லை. இத்தனை எளிய சோதனையை முதலிலேயே செய்திருந்தால் ஓர் அறுவை சிகிச்சையையும் ஓர் ஆண்டு மனவேதனையையும் தவிர்த்திருக்கலாம். உங்கள் மருத்துவர் இதைச் செய்யாவிட்டால், செய்து காட்டும்படி நீங்களே கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

மூன்றாம் படி: காரணம் எங்கே இருக்கிறது என்று அறிவது

நடுத்தூணுக்குள் இருப்பது வெறும் சதை இல்லை. மூக்கு நுனியைத் தாங்கும் இரண்டு குருத்தெலும்புகளின் கால்கள் அதற்குள் இணையாக இறங்குகின்றன. அவற்றுக்குப் பின்னால் எலும்போ குருத்தெலும்போ இல்லாத மென்மையான சவ்வுப் பகுதி ஒன்று உண்டு. புல்லாக்குத் துளை போடுவது வழக்கமாக இந்தச் சவ்வில்தான். அதற்கும் பின்னால் மூக்கை இரண்டாகப் பிரிக்கும் நடுச்சுவரின் குருத்தெலும்பு வருகிறது. இந்த மூன்றில் எது மிகுந்தாலும் நடுத்தூண் கீழே தள்ளப்படும்.

நடுச்சுவர்க் குருத்தெலும்பு நீண்டு வளர்ந்திருப்பது அடிக்கடி காணப்படும் காரணம். குருத்தெலும்புக் கால்கள் அகலமாகவோ கீழ்நோக்கி வில்போல் வளைந்தோ இருப்பது இன்னொன்று. சவ்வும் தோலும் மட்டும் மிகுந்திருப்பதும் உண்டு. வயது ஏறும்போது நுனியின் தாங்குதல் தளர்ந்து மூக்கு முழுவதுமே இறங்குவது வேறு கதை. முன்பே மூக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு, நுனிக் குருத்தெலும்பை அளவுக்கு மீறி வெட்டியதால் மடல் மேலேறிப் போவதும், நுனியைத் தாங்க வைத்த குருத்தெலும்புத் துண்டு நீளமாக இருந்து நடுத்தூணைக் கீழே தள்ளுவதும் நேர்கின்றன.

கையை நன்றாகக் கழுவிக்கொண்டு, நடுத்தூணைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். விரல்களுக்கு இடையே விளிம்புக்கு மிக அருகிலேயே கெட்டியான தகடு ஒன்று தட்டுப்பட்டால் நடுச்சுவர் நீண்டிருக்கக்கூடும். மென்மையாக ஆடினால் சவ்வும் தோலும் மிகுந்திருக்கலாம். இது தெரிந்துகொள்வதற்காக மட்டுமே. முடிவு செய்வது உள்ளே விளக்கடித்துப் பார்க்கும் மருத்துவரின் வேலை.

நான்காம் படி: இப்போது தேவையா என்று கேட்டுக்கொள்வது

மூக்கு வளர்ந்து முடியும் முன் இந்தச் சிகிச்சை வேண்டாம். பெண்களுக்கு 16 வயதும் ஆண்களுக்கு 18 வயதும் ஆகும் வரை பொறுப்பது நல்லது. கட்டுப்படாத சர்க்கரை, ரத்த அழுத்தம், ஓயாத அலர்ஜித் தும்மல் ஆகியவை இருந்தால் அவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும்.

மனம் சார்ந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். பெண் பார்க்க வந்தவர்கள் ஏதோ சொன்னார்கள், சித்தி ஏதோ சொன்னார் என்பதற்காக ஒருவர் அறுவை சிகிச்சை மேசையில் படுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. நீங்களாகவே பல ஆண்டுகளாக யோசித்து, மாற்றம் 2 மி.மீ. அல்லது 3 மி.மீ. மட்டுமே இருக்கும் என்று தெரிந்தும் அது வேண்டும் என்று நினைத்தால், அது சரியான காரணம். ஒரு நாளில் பல மணி நேரம் இதே நினைப்பாக இருந்து வெளியே போகவே தயங்குகிறீர்கள் என்றால், சர்ஜனைப் பார்க்கும் முன் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த நிலையில் அறுவை சிகிச்சை எவ்வளவு நன்றாக அமைந்தாலும் மனம் நிறைவதில்லை.

கல்யாணத் தேதியை ஒட்டி நாள் குறிப்பதும் தவறு. வெளி வீக்கம் சில வாரங்களில் வடிந்தாலும் நுனியின் வீக்கம் முழுமையாக இறங்க ஓராண்டு வரை ஆகும். தடித்த தோல் உள்ளவர்களுக்கு இன்னும் மெதுவாகவே இறங்கும். நகை போட்டுப் படம் எடுக்கும் நாளுக்குக் குறைந்தது ஆறு மாத இடைவெளி விடுங்கள்.

ஐந்தாம் படி: மருத்துவரைத் தேர்ந்தெடுப்பது

பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது அதற்கு இணையான தேசியத் தேர்வு வாரியப் பட்டம் பெற்றவர்களும், மூக்கு அழகியல் அறுவை சிகிச்சையில் தனிப் பயிற்சி பெற்ற காது மூக்கு தொண்டை மருத்துவர்களும் இதைச் செய்கிறார்கள். இரண்டு பிரிவிலும் கைதேர்ந்தவர்கள் உண்டு. பெயருக்குப் பின்னால் இருக்கும் பட்டத்தையும் பதிவெண்ணையும் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலின் இணையதளத்திலோ தேசிய மருத்துவ ஆணையத்தின் பதிவேட்டிலோ சரிபார்த்துக்கொள்ளுங்கள். அழகு நிலையங்களில் நூல் வைத்துத் தூக்குகிறோம், ஊசி போட்டுச் சரிசெய்கிறோம் என்று சொல்பவர்களிடம் போகாதீர்கள். நீண்டிருக்கும் குருத்தெலும்பை எந்த ஊசியும் குறைக்காது. மூக்கில் பள்ளத்தை நிரப்பப் போடும் ஃபில்லர் ஊசி மருந்து ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் தோல் அழுகிப்போவதும் பார்வை பறிபோவதும்கூட நேரலாம் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த ஆபத்து. மூக்கில் மாட்டும் பிளாஸ்டிக் கிளிப்புகளால் எந்தப் பயனும் இல்லை.

முதல் சந்திப்புக்கு அச்சிட்ட படங்களைக் கொண்டுபோங்கள். உங்களுக்கு எந்த வகைக் கோளாறு, அதற்கான காரணம் எந்த அடுக்கில் இருக்கிறது, எத்தனை மி.மீ. மாற்றத் திட்டமிடுகிறார், வெட்டி எடுக்கப்போகிறாரா அல்லது பின்னால் நகர்த்தித் தைக்கப்போகிறாரா, நுனியின் தாங்குதல் குறையாமல் இருக்க என்ன செய்வார், வெளியே தழும்பு வருமா, எதிர்பார்த்தபடி அமையாவிட்டால் திருத்தத்துக்கு எப்போது வரச் சொல்வார், அதற்குக் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். ‘பார்த்துக்கலாம்’ என்று மட்டும் பதில் வந்தால் இன்னொருவரிடமும் கருத்துக் கேட்பதே பாதுகாப்பு. இதே அறுவை சிகிச்சை முடிந்து ஓராண்டு ஆன நோயாளிகளின் பக்கவாட்டுப் படங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஒரு மாதப் படத்தில் வீக்கமும் சேர்ந்திருக்கும்.

கம்ப்யூட்டரில் மூக்கை மாற்றிக் காட்டும் படம் பேசிப் புரிந்துகொள்ள உதவும், அது வாக்குறுதி ஆகாது.

பணத்தைப் பொறுத்தவரை, அழகுக்காகச் செய்யும் அறுவை சிகிச்சைக்கு மருத்துவக் காப்பீடு பொதுவாகக் கிடைக்காது. நடுச்சுவர் வளைந்து மூச்சு அடைபடுவதும் சேர்ந்திருந்தால் அந்தப் பகுதிக்கு மட்டும் காப்பீடு கிடைக்குமா என்று நிறுவனத்திடம் முன்னரே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பில்லை மாற்றி எழுதச் சொல்வது பின்னால் பெரிய சிக்கலாகும். அழகியல் அறுவை சிகிச்சைக்கு ஜிஎஸ்டி உண்டு என்பதால், சொல்லும் தொகையில் வரி, மயக்க மருத்துவரின் கட்டணம், அறை வாடகை, தையல் பிரிப்பது எல்லாம் அடங்குமா என்று விவரமாகக் கேட்டு எழுதி வாங்குங்கள். உங்கள் படங்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தும் சம்மதம் தனிக் கையெழுத்தாக இருக்க வேண்டும். அறுவை சிகிச்சைச் சம்மதப் படிவத்துக்குள் அது ஒளிந்திருந்தால் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திடலாம்.

ஆறாம் படி: நாள் குறித்த பிறகு

ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரைகள் ரத்தக் கசிவைக் கூட்டும். மீன் எண்ணெய் மாத்திரை, வைட்டமின் ஈ, பூண்டு மாத்திரை ஆகியவையும் அப்படியே. வழக்கமாக ஒன்று முதல் இரண்டு வாரங்களுக்கு முன்பே இவற்றை நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் இதயத்துக்காகவோ பக்கவாதத்துக்காகவோ ஆஸ்பிரின் சாப்பிடுபவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது. அதை எழுதிக் கொடுத்த மருத்துவரும் சர்ஜனும் கலந்து பேசி முடிவு செய்ய வேண்டும். சித்த மருந்து, லேகியம், நாட்டு மருந்து எது சாப்பிட்டாலும் மறைக்காமல் சொல்லுங்கள். புகைப்பவர்கள் நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்தி, பின்னரும் நான்கு வாரங்கள் தொடாமல் இருக்க வேண்டும், ஏனெனில் நடுத்தூணின் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் மிகச் சிறியவை.

மூக்குத்தியை முந்தின நாளே கழற்றிவிடுங்கள். பல ஆண்டுகளாகக் கழற்றாத திருகாணி கடைசி நேரத்தில் வராமல் மல்லுக்கட்டுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். பொற்கொல்லரிடம் இரண்டு நாள் முன்னதாகவே போவது நல்லது. புல்லாக்குத் துளை இருந்தால், அது தூர்ந்துபோயிருந்தாலும், மருத்துவரிடம் சொல்லுங்கள், ஏனெனில் மூக்குக்குள்ளே போடும் வெட்டு போகும் பாதையும் அதுவே.

முழு மயக்கம் என்றால் திட உணவுக்குக் குறைந்தது ஆறு மணி நேரம், எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டிருந்தால் எட்டு மணி நேரம், தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் என்பது வழக்கமான இடைவெளி. உங்கள் மயக்க மருத்துவர் வேறு கணக்குச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

ஏழாம் படி: அறுவை அரங்கில் நடப்பது

நடுத்தூண் மட்டும் என்றால், லேசான மயக்கமும் மரத்துப்போகும் ஊசியும் பலருக்குப் போதும். மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்னுடன், ரத்தக் குழாய்களைச் சுருக்கும் அட்ரினலின் லட்சத்தில் ஒரு பங்கு சேர்ந்த மருந்தை நடுத்தூணின் அடியில் செலுத்துவார்கள். விழித்திருந்தால் அந்தக் குத்தில் கண்ணில் தாரையாக நீர் வரும், ஒரு நிமிடத்தில் அடங்கிவிடும். ரத்தக் குழாய்கள் சுருங்குவதற்குப் பத்து நிமிடம் போலக் காத்திருந்த பிறகே தொடங்குவார்கள்.

மூடிய முறையில் வெட்டு முழுவதும் மூக்குக்கு உள்ளே, சவ்வுப் பகுதியில் இருக்கும்; வெளியே தழும்பு வராது. திறந்த முறையில் நடுத்தூணின் குறுகலான இடத்தில் தலைகீழ் ‘வி’ வடிவில் சிறு வெட்டுப் போட்டுத் தோலை மேலே தூக்குவார்கள். நுனியையும் சேர்த்துத் திருத்த வேண்டியிருந்தாலும், முன்பே அறுவை சிகிச்சை ஆனவர்களுக்கும் இது வசதி. நன்றாகத் தைத்தால் அந்தத் தழும்பு சில மாதங்களில் மெல்லிய கோடாக மங்கிவிடும்.

அதற்குப் பின் நடப்பது காரணத்தைப் பொறுத்தது. நடுச்சுவர் நீண்டிருந்தால் அதன் முன்விளிம்பில் பிறைபோல் ஒரு கீற்றை எடுப்பார்கள், இரண்டு அல்லது மூன்று மி.மீ. அகலம் இருக்கும். சவ்வு மிகுந்திருந்தால் அதிலும் ஒரு கீற்று. குருத்தெலும்புக் கால்கள் வளைந்திருந்தால் அவற்றின் கீழ்விளிம்பைச் சீவுவார்கள். ஒரு நல்ல சர்ஜன் குறைவாகவே வெட்டுவார், ஏனெனில் மிஞ்சியதை மறுபடி எடுக்கலாம். எடுத்ததை வைப்பது கடினம். கூடுதலாக எடுத்துவிட்டால் நடுத்தூண் உள்ளே இழுத்துக்கொண்டு, மேலுதடு நீண்டு, மூக்கு குட்டையாகத் தெரியும்.

வெட்டுவதற்குப் பதிலாக நகர்த்தும் முறை ஒன்றும் உண்டு. தச்சர்கள் ஒரு பலகையின் காடிக்குள் இன்னொரு பலகையின் நாக்கைச் செருகி இணைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே போல, நடுச்சுவரின் முன்விளிம்பை நாக்காகவும், இரண்டு குருத்தெலும்புக் கால்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைக் காடியாகவும் கொண்டு, கால்களைப் பின்னால் தள்ளி நடுச்சுவரோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். ஹூஸ்டன் நகர மருத்துவர் ரஸ்ஸல் கிரிடெலும் அவர் குழுவினரும் 1999-இல் இதை விளக்கி எழுதிய பிறகு இது பரவலாயிற்று. நடுத்தூண் மேலேறுவதோடு நுனிக்கும் உறுதியான பிடிப்புக் கிடைப்பது இதன் சிறப்பு. விலையாக, நுனி முன்போல் வளைந்துகொடுக்காமல் சற்று விறைப்பாக இருக்கும். முதல் சில மாதங்கள் சிரிக்கும்போது மேலுதடு இழுப்பதுபோல் தோன்றும். இதை மருத்துவர் முன்கூட்டியே சொல்லாவிட்டால் ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்துபோவீர்கள்.

மடல் ஏறியிருப்பவர்களுக்கு வேலை வேறு இடத்தில். மடலின் விளிம்பு நெடுகச் சிறு பை போல் வழி செய்து மெல்லிய குருத்தெலும்புக் குச்சி ஒன்றைச் செருகுவார்கள். ஏற்றம் அதிகமாக இருந்தால் காது மடலின் குழியிலிருந்து தோலும் குருத்தெலும்பும் சேர்ந்த துண்டை எடுத்து உள்ளே தைப்பார்கள். குருத்தெலும்பு பொதுவாக நடுச்சுவரிலிருந்து எடுக்கப்படும், ஆனால் மூக்கு அமுங்காமல் இருக்க முன்னும் மேலும் குறைந்தது 1 செ.மீ. அகலச் சட்டத்தை விட்டுவிட்டே எடுக்க வேண்டும். என் தங்கைக்கு இரண்டாம் முறை காதின் பின்பக்கமாக எடுத்தார்கள். ஒரு வாரம் அந்தப் பக்கம் படுக்க முடியவில்லை, மற்றபடி காதின் வடிவம் மாறவில்லை.

எட்டாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

முதல் இரண்டு நாட்கள் மூக்கிலிருந்து ரத்தம் கலந்த நீர் கசிவது இயல்பு; மூக்குக்குக் கீழே வைத்த பஞ்சுப் பட்டையை நனைந்ததும் மாற்றினால் போதும். ஒரு வாரம் இரண்டு தலையணை வைத்து மல்லாந்து படுங்கள். கன்னத்தில் துணி சுற்றிய ஐஸ் வைக்கலாம், மூக்கின் மேல் நேராக வேண்டாம். சலைன் ஸ்ப்ரேயும் கொடுத்த ஆயின்ட்மென்டும் சொன்ன வேளையில் போட வேண்டும். பொருக்கைப் பிய்க்காமல், சலைனில் நனைத்த பஞ்சால் ஊறவைத்துத் துடைத்தால் தானாக வரும். மஞ்சள் தூள், தேங்காய் எண்ணெய், வீட்டில் பெரியவர்கள் சொல்லும் எந்தப் பூச்சும் தையல் மேல் கூடாது.

இரண்டு மூன்று வாரங்கள் மூக்கைச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்முங்கள். குனிந்து கோலம் போடுவது, விழுந்து கும்பிடுவது, தண்ணீர்க் குடம் தூக்குவது ஆகியவற்றை இரண்டு வாரங்கள் தள்ளிப்போடுங்கள். முறுக்கு, கரும்பு போன்றவற்றை மேலுதடு அசையக் கடித்து மெல்வதும் முதல் வாரம் வேண்டாம். பல் துலக்கும்போது மேல்வரிசை முன்பற்களில் மெதுவான பிரஷ் போதும்; அங்கே சில வாரங்கள் மரத்ததுபோல் இருப்பது சகஜம். நடுத்தூணை மட்டும் திருத்தியவர்கள் மூக்குக் கண்ணாடி அணியலாம், எலும்பையும் உடைத்துத் திருத்தியிருந்தால் மருத்துவர் சொல்லும் வரை கூடாது.

வெளித்தையலை ஐந்தாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் பிரிப்பார்கள். உள்தையல் சில வாரங்களில் கரைந்து தானே உதிரும். ஏழு முதல் பத்து நாட்களில் அலுவலகம் போகலாம். ஜிம்முக்கும் நீச்சலுக்கும் ஒரு மாதத்துக்குமேல் பொறுங்கள். வெயிலில் போகும்போது தழும்பின் மேல் சன்ஸ்கிரீன் தேவை, நம் தோல் எளிதில் கறுத்துவிடும். பரதநாட்டியம் ஆடுபவர்கள் அழுத்தி மாட்டும் புல்லாக்கை மருத்துவர் அனுமதிக்கும் வரை, பெரும்பாலும் சில மாதங்கள், தொடவே கூடாது. ஒப்பனையில் அது இல்லாமல் மேடையேறுவது குறையாகாது.

சில அறிகுறிகளுக்கு மட்டும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இரண்டு துளைகளும் ஒரேயடியாக அடைத்துக்கொண்டு, வலி நேரத்துக்கு நேரம் கூடி, உள்ளே நடுச்சுவர் இரு பக்கமும் உப்பித் தெரிந்தால் அங்கே ரத்தம் கட்டியிருக்கலாம். அதை உடனே வெளியேற்றாவிட்டால் குருத்தெலும்பு சில நாட்களில் அழிந்து மூக்கு அமுங்கிவிடும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல், சீழ், நடுத்தூணின் தோல் கருநீலமாக மாறுவது, அழுத்திப் பிடித்தும் நிற்காத ரத்தம் ஆகியவற்றுக்கும் இரவானாலும் போக வேண்டும். ஆஸ்பத்திரியின் இரவு நேரத் தொலைபேசி எண்ணை டிஸ்சார்ஜ் ஆகும்போதே வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒன்பதாம் படி: ஓராண்டு வரை

முதல் மாதத்தில் நடுத்தூண் மிகவும் ஏறிவிட்டது என்று தோன்றும். மூன்றாம் மாதத்தில் ஒரு பக்கம் மட்டும் வீங்கியிருக்கிறது என்று தோன்றும். இரண்டும் பெரும்பாலும் தாமே அடங்கும். தினமும் கண்ணாடியில் அளந்து பார்க்காமல், ஒன்று, மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில் மட்டும் அதே ஜன்னல் அருகே, அதே ஐந்தடி தூரத்தில் படம் எடுத்து அதே கோட்டைப் போட்டுப் பாருங்கள். திருத்தம் தேவை என்று தோன்றினாலும் ஓராண்டு முடியும் முன் மறுபடி கத்தி வைக்க நல்ல மருத்துவர்கள் சம்மதிப்பதில்லை, தழும்புத் திசு இளகாமல் தொட்டால் விளைவு இன்னும் கணிக்க முடியாததாகிவிடும்.

டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு அறுவை சிகிச்சைக் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்கி ஃபைலில் வையுங்கள். எந்த முறையில் திறந்தார்கள், எங்கே எத்தனை மி.மீ. எடுத்தார்கள், குருத்தெலும்பை எங்கிருந்து எடுத்து எங்கே வைத்தார்கள் என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். எங்களிடம் முதல் முறைக்கான அந்தத் தாள் இல்லை. இரண்டாவது மருத்துவர் உள்ளே என்ன மிச்சமிருக்கிறது என்பதைத் திறந்த பிறகே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. காதிலிருந்து எடுக்க நேரலாம் என்பதற்கும் சேர்த்து அவர் முன்கூட்டியே கையெழுத்து வாங்கியதற்கு அதுவே காரணம்.